ஏட்டின் முகவரி

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பணியாற்றிய மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. பழைய அறிவிக்கை ஒன்றின் தமிழாக்கம் அவசரமாகத் தேவைப்பட்டது. அதனை முன்பே ஒருவர் மொழிபெயர்த்திருந்தார் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. கோப்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை. மூன்று நாட்கள் பதிவறையின் அலமாரிகளையெல்லாம் புரட்டினோம். கோப்புத் தொலைந்தே போயிற்று என்று முடிவு கட்டி, மறுபடியும் மொழிபெயர்க்க உட்கார்ந்தோம். நான்காம் நாள், ஓய்வு பெறும் தறுவாயிலிருந்த முதிய எழுத்தர் ஒருவர், "அந்த வருஷத்தில் உங்கள் பிரிவுக்கு வேறு பெயரல்லவா இருந்தது?" என்று கேட்டார். கேட்டவர், நேரே நடந்து சென்று, பழைய பெயர் எழுதிய கட்டை அவிழ்த்துக் கோப்பை எடுத்து வந்து மேஜைமீது வைத்தார். அவருக்குக் கால் மணி நேரங்கூட ஆகவில்லை.

அந்தக் கோப்பினுள் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தமிழும் அவர் அறியார். அது எந்த ஆண்டில், எந்தப் பிரிவில், என்ன அலுவலின் பொருட்டுப் பிறந்தது என்பதை மட்டுமே அவர் அறிந்திருந்தார். நாமோ, உள்ளே இருக்கும் செய்தியை முற்றும் அறிந்திருந்தும் மூன்று நாட்களை வீணாக்கினோம். ஆவணங்களைத் தேடும் கலையின் சாரம் முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அக்கலை நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றையும், அதனால் வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு விளையும் பயனையும் இங்குச் சிறிது ஆராய்வோம்.

ஏடுகள் பெருகும்போது அவற்றை ஒரே குவியலாக வைத்தல் இயலாது. பெரும் பிரிவு, அதனுள் சிறு பிரிவு, அதனுள் ஆண்டு, ஆண்டினுள் எண் என்று, ஒரு மரத்தின் அடியினின்று கிளையும், கிளையினின்று கொம்பும், கொம்பினின்று இலையும் பிரிவதுபோல வகுத்து வைக்கவேண்டும். இவ்வாறு வைத்தால் ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு முகவரி உண்டாகிறது. முகவரி தெரிந்தவன் ஏனைய கிளைகளை ஏறெடுத்தும் பார்க்கவேண்டுவதில்லை.

இம்முறை புதியதன்று. கௌடலியரின் அர்த்தசாஸ்திரம், அரசாங்கக் கணக்குகளும் பதிவுகளும் வைக்கப்படும் அக்ஷபடலம் என்ற அலுவலகத்தைப் பற்றி அதன் இரண்டாம் அதிகரணத்தில் கூறுகிறது. அது கிழக்கு நோக்கியேனும் வடக்கு நோக்கியேனும் அமையவேண்டும். அலுவலர்களுக்குத் தனித்தனி இருக்கைகளும், பதிவேடுகளுக்கென்று உரிய இடங்களும் அதில் இருத்தல் வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. ஏட்டை எழுதுவது எவ்வளவு கடமையோ, அதற்கோர் இடம் வகுப்பதும் அவ்வளவு கடமை என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர்.

தமிழ்நாட்டுச் சோழர் காலத்து ஆவணங்களைப் பார்த்தால் இதனை இன்னும் தெளிவாகக் காணலாம். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியைக் கூறும் செப்பேடுகளை அறிஞர் பலரும் அறிவர். ஹாலந்து தேசத்து லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தமையால் அவை பெரிய லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. 21 ஏடுகளைக் கொண்ட அத்தொகுதியில், மன்னனின் 21ஆம் ஆட்சி ஆண்டில் வாய்மொழியாகப் பிறந்த ஆணை எவ்வாறு ஓலையில் ஏறிற்று, எந்தெந்த அதிகாரிகளின் கைகளைக் கடந்தது, வரிக்கணக்கில் எவ்வாறு பதிவாயிற்று என்பன வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. திருமந்திர ஓலை, ஓலைநாயகம், புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், பட்டோலை என்று சோழர் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் வரும் சொற்கள், ஏட்டின் பயணத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒவ்வோர் அலுவலர் இருந்ததை நமக்கு உணர்த்துகின்றன.

அச்செப்பேடுகளில் ஓர் ஊரைக் குறிப்பிடும் முறையையும் நோக்குக. ஊரின் பெயரை மட்டும் தனியே சொல்லி விடுவதில்லை. க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக் கூற்றத்து ஆனைமங்கலம் என்று, வளநாடு, கூற்றம், ஊர் எனப் பெரியதினின்று சிறியதற்குப் படிப்படியாக இறங்கி வருகிறது அச்சொற்றொடர். ஒரே பெயருடைய ஊர்கள் பல இருக்கலாம். ஆயினும் இன்ன வளநாட்டு இன்ன கூற்றத்து இன்ன ஊர் என்றபின் ஐயத்திற்கு இடமில்லை. வரிப்பொத்தகத்தைப் புரட்டும் கணக்கனும் அதே வரிசையில் இறங்கினால் உரிய இடத்தை அடைவான். நிலத்தின் முகவரியும் ஏட்டின் முகவரியும் ஒன்றாகவே அமைந்தன.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியாரும், அவர்களுக்குப்பின் ஆங்கிலேய அரசாங்கமும், கல்கத்தாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்டபோது, எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி ஆண்டனர். ஒவ்வோர் இலாகாவும் தன் தஸ்தாவேஜுகளைத் தானே வைத்துக்கொண்டது. நூறு ஆண்டுகளில் அறைகள் நிறைந்து, தாழ்வாரங்கள் நிறைந்து, அலுவலர்கள் உட்கார இடமில்லை என்ற நிலை ஏற்பட்டது. 1860ஆம் ஆண்டில் சாண்டிமன் என்ற தணிக்கை அதிகாரி இந்நெருக்கடியை எடுத்துரைத்தார். அன்றாட வழக்கமான காகிதங்களை அழித்துவிட்டு, மதிப்புடையவற்றை ஒரு பெரிய மத்தியக் காப்பகத்தில் சேர்க்கலாம் என்பது அவருடைய யோசனை. 1861இல் இதன்பொருட்டு ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. ஆயினும் காப்பகம் உருவாக மேலும் 30 ஆண்டுகள் கழிந்தன.

1891ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள், இம்பீரியல் ரிகார்டு இலாகா கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் ஜி. டபிள்யூ. பாரஸ்ட் அதன் முதல் பொறுப்பதிகாரியாக நியமிக்கப்பட்டார். எல்லா இலாகாக்களின் பழைய ஏடுகளையும் ஆராய்ந்து, ஓரிடத்தில் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, பட்டியலிடுவது அவருக்கு இடப்பட்ட பணி. 1911இல் தலைநகர் தில்லிக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது. புது தில்லியில் இன்று ஜன்பத் எனப்படும் வீதியில், லட்யன்ஸ் என்னும் சிற்பி வகுத்த திட்டப்படி 1926இல் காப்பகக் கட்டடம் எழுந்தது. கல்கத்தாவிலிருந்த ஏடுகள் முழுவதும் அங்கு வந்து சேர்வதற்கு 1937ஆம் ஆண்டு ஆயிற்று. விடுதலைக்குப்பின் அது இந்திய தேசிய ஆவணக் காப்பகம் என்ற பெயரைப் பெற்றது.

அங்குக் குவிந்த காகிதக் கடலில் ஒரு துளியை எவ்வாறு எடுப்பது? அதற்கு அந்நாளைய அரசாங்கத்தார் கையாண்ட அமைப்பை அறிந்துகொள்ளவேண்டும். முதலில் இலாகா; உள்நாடு, அயல்நாடு, நிதி, வருவாய் என்பன போல. இலாகாவுக்குள் கிளை, உள்நாட்டு இலாகாவில் பொதுக் கிளை, நீதிக் கிளை, போலீஸ் கிளை என்பன போல. அதன்பின் வகுப்பு. முக்கியமெனக் கருதிய கடிதங்கள் 'ஏ' வகுப்பில் சேர்க்கப்பட்டு அச்சிடப்பட்டன. வழக்கமான செய்திகள் 'பி' வகுப்பில் சேர்க்கப்பட்டன. அவை அச்சேறாமல், பட்டியலில் தலைப்பு மட்டும் குறிக்கப்பட்டு நின்றன. அதனினும் கீழானவை 'டெபாசிட்' எனப்பட்டன. வகுப்புக்குப்பின் ஆண்டும் மாதமும். மாதத்துக்குள் வரிசை எண். எனவே, இன்ன இலாகா, இன்ன கிளை, 'ஏ' வகுப்பு, இன்ன ஆண்டு இன்ன மாதம், எண் 12 முதல் 15 வரை என்று எழுதிக் கொடுத்தால், காப்பக ஊழியர் தவறாது அக்கட்டைக் கொண்டுவந்து வைப்பார். 1920களில் இம்முறை மாறி, கோப்புக்கு எண் இடும் முறை வந்தது. ஆனால் மேலிருந்து கீழிறங்கும் தத்துவம் மாறவில்லை.

முகவரி தெரிந்தவருக்கு இது போதும். தெரியாதவருக்கு என்ன வழி? அவருக்காகவே அட்டவணைகள் ஏற்பட்டன. ஒவ்வொரு கிளைக்கும், ஒவ்வோர் ஆண்டுக்கும், பெயர்களையும் பொருள்களையும் அகர வரிசைப்படுத்தி, எதிரே மாதத்தையும் எண்ணையும் குறித்து வைத்தனர். மரத்தின் வழியே இறங்குவது ஒரு பாதை. அட்டவணையின் வழியே குறுக்கே சென்று இலையைத் தொடுவது மற்றொரு பாதை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நம்புகிறவர் இடர்ப்படுவார். கிளையை அறியாமல் அட்டவணையைத் தேடுகிறவர், 100 ஆண்டுகளுக்குரிய 100 அட்டவணைகளை, அதுவும் ஒவ்வோர் இலாகாவுக்கும் தனித்தனியே புரட்டவேண்டும். அட்டவணையை மதியாமல் கிளையிலேயே உழல்கிறவர், கட்டுக்குப்பின் கட்டாக அவிழ்த்து ஆயுளைப் போக்கவேண்டும். முதலில் கிளையையும் ஆண்டையும் குறுக்கிக்கொண்டு, பின்னர் அந்தச் சிறு எல்லைக்குள் அட்டவணையை நாடுகிறவரே விரைவில் பயன் பெறுவார்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். தமிழர்கள் பலருக்கும் நெருங்கிய செய்தி அது. 1860ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு இந்தியர் சென்றது அன்றுதான் தொடங்கிற்று. அவ்வாறு சென்றோரைப் பற்றி இந்திய அரசாங்கத்தில் எழுதப்பட்ட கடிதங்களை ஒருவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த இலாகாவில் தேடுவது?

1871க்கு முன்னரென்றால் உள்நாட்டு இலாகாவில் தேடவேண்டும். அவ்வாண்டில் வருவாய், விவசாயம், வாணிகம் ஆகியவற்றுக்கென்று புதிய இலாகா தோன்றியது. வெளிநாடு செல்வோர் பற்றிய எமிக்ரேஷன் கிளை அங்குச் சென்றது. 1881 முதல் அது வருவாய் விவசாய இலாகாவில் இருந்தது. 1905இல் வாணிகக் கைத்தொழில் இலாகா ஏற்பட்டபோது அங்கு மாறிற்று. 1923இல் கல்வி, சுகாதாரம், நிலம் ஆகியவற்றுக்கான இலாகா அமைந்தபின் வெளிநாட்டு இந்தியர் பற்றிய அலுவல் அதனிடம் சேர்ந்தது. 1941இல் வெளிநாட்டு இந்தியர் இலாகா என்றே ஒன்று தனியாக ஏற்பட்டது. 1944இல் அது காமன்வெல்த் உறவு இலாகா ஆயிற்று. 1947இல் வெளிவிவகார இலாகாவோடு இணைந்தது.

பொருள் ஒன்றே, மக்களும் அவர்களே, ஆயினும் கிளையோ மரத்தில் இடம் மாறிக்கொண்டே இருந்தது. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தவேண்டுமென்று 1910இல் கோகலே சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1911 ஜூலை முதல் அது நிறுத்தப்பட்டது. இதைப் பற்றிய கடிதங்களை வருவாய் விவசாய இலாகாவின் கட்டுகளில் ஒருவர் எத்தனை மாதங்கள் தேடினாலும் கிடைக்கமாட்டா. கிளை 1905லேயே வேறிடம் போய்விட்டது. இல்லை என்று அவர் எழுதிவிட்டுப் போவார். அடுத்த அறையில் அவை அமைதியாக உறங்கிக்கொண்டிருக்கும். நம் அலுவலகத்து முதிய எழுத்தர் கேட்ட கேள்வியின் அருமை இங்கே விளங்குகிறதன்றோ?

மற்றொரு தடையும் உண்டு. அட்டவணை எழுதியவர் அக்காலத்து மொழியில் எழுதினார். திருச்சிராப்பள்ளி என்று தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படாது. ட்ரிச்சினாப்பொலி என்று தேடவேண்டும். தஞ்சாவூர் அங்கே டாஞ்சூர், திருநெல்வேலி டின்னவெல்லி, தூத்துக்குடி டூட்டிகொரின். தொழிலாளர் என்று தேடினால் கிடைக்காதவர்கள், மனம் கசந்தாலும் கூலி என்ற சொல்லின் கீழே கிடைப்பார்கள். தேடுகிறவன் தன் காலத்துச் சொற்களை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லவேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த உண்மை நன்கு விளங்குகிறது. ஏட்டை எழுதியவனின் சொல்லை அறியாதவன் அவன் வைத்த இடத்தையும் அறியான்.

இவ்வளவு தொல்லை எதற்கு? நேட்டால் பற்றியவை யாவும் ஒரு பெட்டியில், இலங்கை பற்றியவை யாவும் ஒரு பெட்டியில் என்று, பொருள் வாரியாக மறுபடியும் அடுக்கிவிடலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். ஐரோப்பாவில் சில இடங்களில் அவ்வாறு செய்தும் பார்த்தனர். ஒரு கடிதம் நான்கு பொருள்களைப் பேசுமானால் அதை எந்தப் பெட்டியில் வைப்பது? கேள்வி ஒரு பெட்டியிலும் பதில் மற்றொரு பெட்டியிலும் போய்விட்டால், இரண்டும் பொருளற்றுப் போகின்றன. ஆகவே, 1841ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: ஓர் அலுவலகத்தில் பிறந்த ஏடுகளை ஒரு தொகுதியாகவே வைக்கவேண்டும், வேறு தொகுதியோடு கலக்கலாகாது. 1898இல் ஹாலந்து நாட்டு அறிஞர்களான முல்லர், பைத், புரூயின் ஆகிய மூவரும் எழுதிய கையேடு, இந்தப் பிறப்பிட விதியோடு, ஏடுகளின் பழைய வரிசையையும் குலைக்கலாகாது என்பதை வலியுறுத்திற்று. உலகெங்கும் ஆவணக் காப்பாளர்கள் இன்று இதனையே அடிப்படையாகக் கொண்டுள்ளனர். மரத்தைக் குலைக்காமல் வைத்து, அதன்மேல் எத்தனை அட்டவணைகளை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அட்டவணையில் பிழை நேர்ந்தால் புதியது எழுதலாம். மரம் குலைந்தால் மீண்டும் கட்டுவது அரிது.

எனினும், இம்மரத்திலும் ஒரு குறை உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. எது முக்கியம், எது முக்கியமன்று என்று தீர்மானித்தவர்கள் ஆட்சியாளர்கள். வைசிராயின் குறிப்பு 'ஏ' வகுப்பில் ஏறி, அழகாக அச்சாகி, அட்டவணையில் இடம் பெற்றது. தனி ஒருவரின் முறையீடு, வழக்கமான காகிதம் என்று கருதப்பட்டு 'பி' வகுப்பில் விழுந்திருக்கலாம். அதற்கும் கீழே போயிருந்தால் காலப்போக்கில் அழிந்துமிருக்கலாம். அரசாங்கம் நினைத்ததை அறிய 'ஏ' வகுப்பு போதும். குடிமக்கள் பட்டதை அறிய 'பி' வகுப்பில் இறங்கவேண்டும். தேடுவதற்கு எளிதான ஏடுகளை மட்டும் கொண்டு வரலாறு எழுதினால், தேடுவதற்கு எளிதானவர்களின் வரலாறே எழுதப்படும். விரைவாகத் தேடக் கற்றுக்கொள்வது, சோம்பியிருப்பதற்காக அன்று. மிச்சமாகும் நாட்களைக் கடினமான கட்டுகளில் செலவிடுவதற்காகவே.

இன்று காகிதத்தின் இடத்தைக் கணினி பெற்றுவருகிறது. தேசிய ஆவணக் காப்பகம் 2015ஆம் ஆண்டில் அபிலேக் படல் என்ற இணையவாயிலைத் திறந்தது. தில்லிக்கு வராமலே, பம்பாயிலோ கல்கத்தாவிலோ இருந்துகொண்டு அட்டவணையைத் தேடவும், படமெடுத்துச் சேர்த்துள்ள பல ஏடுகளைப் படிக்கவும் அதனால் முடிகிறது. அப்பெயரிலுள்ள படல் என்னும் சொல், கௌடலியரின் அக்ஷபடலத்தை நமக்கு நினைவூட்டுகிறது. ஆனால் கணினி வந்துவிட்டதால் பழைய விதிகள் ஒழிந்துவிட்டன என்று எண்ணலாகாது.

கணினியிலும் ஏடுகளை மரமாகவே அடுக்கிவைக்கும் களஞ்சியங்கள் உள்ளன. வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து கொம்பு என்று ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு பாதை உண்டு. பாதையைக் கொடுத்தால் கணினி நேரே சென்று ஏட்டை எடுக்கிறது. பாதையும் கொடாமல், அட்டவணையும் இல்லாமல், இன்ன சொல் உள்ள ஏட்டைக் கொண்டு வா என்று மட்டும் கட்டளையிட்டால், அது மரத்தின் ஒவ்வொரு கணுவாக ஏறி இறங்குகிறது. ஏடுகள் சிலவாயின் இமைப்பொழுதில் முடியும். கோடிக்கணக்கிலாயின் கணினியும் திணறும். எனவே, எந்தக் கிளைக்குக் கீழே தேடவேண்டும் என்று எல்லை குறிக்கவேண்டும். அடிக்கடி தேடப்படும் குறிப்புகளுக்கு மட்டும் அட்டவணை வைக்கவேண்டும்; எல்லாவற்றுக்கும் வைத்தால், புதிய ஏடு ஒன்று சேரும்போதெல்லாம் எல்லா அட்டவணைகளையும் திருத்தும் சுமை கூடும். ஒரே கொம்பில் பல்லாயிரம் இலைகளைத் தொங்கவிடாமல், பழைய குமாஸ்தாக்கள் மாதவாரியாகக் கட்டியதுபோல் பிரித்து வைக்கவேண்டும். கேட்பவனும், கிடைப்பவை அனைத்தையும் ஒரேயடியாகக் கொண்டுவரச் சொல்லாமல், முதலில் வேண்டியவற்றை மட்டும் கேட்கவேண்டும். காப்பகத்தில் ஊழியரின் கால்கள் ஓய்வதற்காக ஏற்பட்ட விதிகளே இங்கே இயந்திரத்தின் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன.

இவையெல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்கு உரியவை, நமக்கென்ன என்று நேயர்களில் ஒருவரும் ஒதுங்கிவிடலாகாது. ஊரைவிட்டு வெளியே வந்தவர்களுக்கு ஏட்டின் தேவை மற்றவர்களைவிட அதிகம். ஊரிலே இருப்பவருக்கு, இன்னார் மகன் என்று சொல்ல நான்கு பேர் உண்டு. தில்லியிலோ நாகபுரியிலோ ஜாம்ஷெட்பூரிலோ மூன்றாம் தலைமுறையாக வாழ்பவருக்கு அச்சாட்சியைச் சொல்லக்கூடியது ஏடு ஒன்றே. பாட்டனார் ரயில்வேயில் பணியாற்றினார், மாமனார் பட்டாளத்தில் இருந்தார், முப்பாட்டனார் கப்பலேறினார் என்பன குடும்பங்களில் வாய்வழியாக வழங்கும் செய்திகள். அவற்றை உறுதிப்படுத்த விரும்புகிறவர், "என் பாட்டனாரைப் பற்றி ஏதேனும் இருக்கிறதா?" என்று காப்பக வாயிலில் நின்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ளவேண்டும். இந்தச் செய்தியை அந்நாளில் எழுதி வைக்கவேண்டிய கடமை யாருக்கு இருந்தது? எந்த ஆண்டில்? அன்று அந்த அலுவலகத்தின் பெயர் என்ன? அதன் ஏடுகள் பின்னர் எங்கே சென்றன?

நேட்டாலுக்குச் சென்றவரையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அவரை அனுப்பும் கொள்கையை வகுத்தது இந்திய அரசாங்கம்; ஆகவே அதைப் பற்றிய கடிதங்கள் தில்லியில் உள்ளன. சென்னை மாகாண அரசாங்கம் பிறப்பித்த ஆணைகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், இலாகா, ஆணை எண், நாள் என்ற வரிசையில் கிடைக்கும். அவர் பெயரை எழுதிக்கொண்டதோ அவரை ஏற்றுக்கொண்ட நாடு. ஆகவே கப்பல் பதிவேடுகள் டர்பன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தில்லியில் பெயரைத் தேடுவதும், டர்பனில் கொள்கையைத் தேடுவதும் வீண் உழைப்பு. எழுதியவர் யார் என்று முதலில் கேட்டால் மூன்று நகரங்களில் எங்குச் செல்லவேண்டும் என்பது தானே விளங்கும்.

அக்கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது ஆகியவற்றை எழுதியபின், ஜில்லா, தாலுகா, கிராமம் என்று மூன்று கட்டங்கள் இட்டிருந்தனர். எழுதியவர் வேற்று மொழியினர். ஊர்ப் பெயர்கள் உருச்சிதைந்தே காணப்படுகின்றன. ஆயினும் ஜில்லா தெரிந்தால் தாலுகாவை ஊகிக்கலாம். தாலுகா தெரிந்தால் சிதைந்த பெயருக்குள்ளிருக்கும் கிராமத்தை இனங்கண்டு கொள்ளலாம். வளநாடு, கூற்றம், ஊர் என்று சோழர் செப்பேட்டில் கண்ட அதே படிகள், எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழித்து, கடல் கடந்த ஏழைத் தொழிலாளியின் பெயருக்குப் பக்கத்திலும் நிற்கின்றன. எழுதியவனின் நோக்கம் வேறாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்று கட்டங்களே, தம் முன்னோர் பிறந்த ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குத் திசை காட்டுகின்றன.

நம் இல்லங்களிலும் ஒரு சிறிய காப்பகம் உண்டு. பரண்மீதுள்ள தகரப் பெட்டியில் பத்திரங்களும் சான்றிதழ்களும் பழைய கடிதங்களும் கலந்து கிடக்கும். ஒரு விடுமுறை நாளில் அதனைத் திறந்து, யாருடையது, எந்த ஆண்டு, எந்த அலுவல் என்று பிரித்துக் கட்டி, மேலே ஒரு சிறு பட்டியலும் எழுதி வைத்தல் நலம். வீடு மாறியிருந்தால் பழைய முகவரியையும், ஊரின் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் அதில் குறித்து வைத்தல் வேண்டும். நமக்குப்பின் அப்பெட்டியைத் திறக்கப்போகிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, அறியோம். நம் அலுவலகத்து முதியவரைப்போல, உள்ளே இருப்பதைப் படிக்க இயலாதவரும் உரிய கட்டை எடுத்துக் கொடுக்கும்படி அது அமைந்திருக்குமானால், நம் கடமையைச் செய்தவர்களாவோம்.